வலது காது மெத்தை

தறிக் குடோனில் வேலை செய்பவர்கள் கத்திப் பேசுவதில்லை. கத்துகிறவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வருபவர்கள்: மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர், நூல் இறக்க வரும் லாரி டிரைவர், பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி வரும் பிள்ளைகள். உள்ளே இருப்பவர்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். அதில் விளங்காததைக் கை சொல்லும். முதுகைக் காட்டி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால், கழிவு நூலைச் சிறு உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவார்கள். பல்லடம் பக்கம் வளர்ந்த எனக்கு இதில் ஒன்றும் புதுமை இல்லை. பாலிடெக்னிக் விடுதியில் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் பழக்கத்தில் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டேன். அவள் என்னை வாய் பேச முடியாதவள் என்று நினைத்து, பரிவோடு ஒரு தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அம்மா அந்தக் குடோனில் நான்கு தறி ஓட்டுகிறார். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. முன்னால் இரண்டு தறி, முதுகுக்குப் பின்னால் இரண்டு. முன்னால் இருப்பவை அவருடையவை. பின்னால் இருப்பவை அப்பா ஓட்டியவை. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினைந்து நாள் கழித்து அம்மா திரும்ப வேலைக்குப் போனபோது, அந்த இரண்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சரி செய்வது என் வேலை. எந்த மிஷின், என்ன கோளாறு, எதை மாற்றினேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவேன். அதே பழக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தம், கண்ணாடி மாற்றிய நாள், மாத்திரைப் பெயர்கள். அந்த நோட்டில் காது என்ற தலைப்பு சேர்ந்தது ஒரு காய்ச்சல் நாளில்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஷிப்ட் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும், நான் இப்போது தங்கியிருக்கும் பெண்கள் விடுதியிலிருந்து போன் செய்வேன். கேட்பதெல்லாம் ஒரே வரிசை. வந்துவிட்டீர்களா, காலில் வலி எப்படி, என்ன சமையல். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். மூன்றாவதாக அதைச் சொன்னேன்.

"எனக்குக் காச்சலடிக்குதுங்கம்மா."

"ரசமும் பீன்ஸ் பொரியலும் கண்ணு" என்றார் அம்மா, மிகவும் சந்தோஷமாக.

அவர் நான் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் வரும் கேள்விக்குச் சொன்னார். எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேள்விகளின் வரிசையை மாற்றிப் பார்த்தேன். ஐந்தில் இரண்டுக்குப் பொருந்தாத பதில் வந்தது. நோட்டில் எழுதினேன்.

திருப்பூரில் ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கே பரிசோதனை செய்யும் பெண் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அம்மாவைக் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடி, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் காகிதத்தில் இரண்டு கோடுகள் வந்தன. வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் சரிந்து இறங்கின.

"தறியில இருக்காங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. "ரெண்டு காதும் ஒரே மாதிரி இறங்கியிருக்குதுங்க. போனது வராது. இருக்கறதையாவது காப்பாத்திக்கணும். காதுக்கு மிஷின் வெச்சுக்கலாம், ஆனா அதைப் போட்டுட்டு தறிக்குள்ள நிக்க முடியாது. அந்தச் சத்தத்தையும் அது ஏத்திக் குடுத்துரும். வேலையை விட முடியுமாங்க?"

அம்மா என் உதட்டைப் பார்த்தார். நான் உதட்டால் சொன்னேன். "தறிய உட்டுப்போட்டு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். நான் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

முதலில் காதுக்குள் செருகும் பஞ்சு அடைப்பான்களை வாங்கிக் கொடுத்தேன். தறி ஓட்டுபவர் கை எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. அந்தக் கையால் செருகி எடுத்து இரண்டு வாரத்தில் காதில் சீழ் வந்தது. அடுத்து, கடையில் விற்கும் காது மூடி ஒன்று. அது ஆண்கள் தலைக்குச் செய்தது. கொண்டையில் இடித்தது, நெற்றிப் பொட்டில் இறுக்கியது. அம்மா ஒரு வாரம் போட்டுவிட்டு, துடைத்து, வந்த பெட்டியிலேயே திரும்ப வைத்துக் கொடுத்தார். "தலவலி ஒண்ணுதான் கண்ணு. மத்தபடி நல்ல பொருளு." அம்மா எதையும் மோசம் என்று சொன்னதில்லை. அதை நான் அப்போதே கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். சத்தத்தைத் தடுக்க மூன்று விஷயம் வேண்டும். கனமான ஒரு மூடி. அதற்குள் சத்தத்தை விழுங்கும் மெத்தென்ற அடைப்பு. தலையோடு இடைவெளி இல்லாமல் உட்காரும் விளிம்பு. இதில் எதுவும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மூடிக்கு அரைக் கிலோ ஊறுகாய் டப்பா இரண்டு, அடிப்பாகத்தை மட்டும் ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தேன். கனத்துக்கு, தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைக்கும் பசையை உள்பக்கம் கனமாகப் பூசினேன். அடைப்புக்குக் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட். குளிர்ச்சட்டைத் துணியின் துண்டுகள், உள்பக்கம் முடி முடியாக இருக்கும் ரகம். தலைப்பட்டைக்குத் தேர்த் திருவிழாக் கடையில் விற்கும் இரும்பு ஹேர் பேண்டு இரண்டைச் சேர்த்துக் கட்டி, ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக்கைச் சுற்றினேன். கொண்டைக்கு மேலே ஏறாமல், அதற்கு முன்னால் நிற்கும்படி வளைத்தேன்.

விளிம்புக்குத்தான் சரியான பொருள் கிடைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் இரண்டே நாளில் அமுங்கிப்போனது. யோசனை வந்தது என் அறைத்தோழியைப் பார்த்துத்தான். அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பெண்களின் உள்ளாடை செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே அச்சில் வார்த்த ஃபோம் கப் தினமும் ஒரு மூட்டை ரிஜெக்ட் ஆகிறது. மெத்தென்று இருக்கும், அமுக்கினால் திரும்பி எழும், வியர்வைக்கும் சோப்புக்கும் தாங்கும். எனக்கு வேண்டிய எல்லாக் குணமும் அதில் இருந்தது.

"ஏட்டி, ஒங்கம்மா காதுக்கு என்ன சைஸ்ட்டி?" என்றாள்.

"பெருசாவே கொண்டா. நடுவுல வெட்டி வளையமாத்தான எடுக்கப் போறேன்."

"கேட்ல பையத் தொறந்து பாப்பாவ. தோழியோட அம்மா காதுக்குன்னு சொன்னா நம்புவாவளா? சொல்லு."

ஆனாலும் கேட்டு வாங்கி வந்தாள். சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அள்ளிக் கொடுத்தாராம். எட்டு ஜோடி. படுக்கையில் கொட்டி எண்ணிவிட்டு, "ஒங்கம்மாவுக்கு ஆயுசுக்கும் போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. நான் வீட்டுக்குப் போவது எப்போதும் ஞாயிறுதான். அதனால் என்னுடைய எல்லாச் சோதனையும் அமைதியான வீட்டில்தான் நடந்தது. சத்தத்துக்கு மிக்சி. உள்ளே வெறும் உளுந்தைப் போட்டு ஓட்டினால் குடோனில் கால்வாசிச் சத்தமாவது வரும். போனில் சத்தம் அளக்கும் செயலியை வைத்து, மூடிக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று பார்த்தேன். உள்ளே வைத்தபோது செயலியில் சத்தத்தைக் காட்டும் பட்டை நன்றாக இறங்கியது.

அம்மா தலையில் மாட்டிப் பார்த்தபோது இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, தோடு. திருகாணி பின்பக்கம் குத்தியது. முன்பக்கம் தோட்டின் உயரத்தால் விளிம்பு சரியாக உட்காரவில்லை. வேலை நேரத்தில் மட்டும் கழற்றி வைக்கலாமே என்றேன்.

"காது மூளியா நிக்கறதா? அது மட்டும் வேண்டாஞ்சாமி. அப்பா போனப்பவே கழட்டுலீல்ல."

தோடு இருக்கும் இடத்தில் ஃபோமைக் கத்தரியால் குடைந்து சின்னக் குழி செய்தேன். இரண்டாவது குறை, வாசம். எவ்வளவு கழுவியும் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் வாசம் போகவில்லை. "பழைய சோத்த மட்டும் கொண்டுபோனாப் போதும்" என்றார் அம்மா.

பிறகு அம்மாவை முறத்தோடு வாசல் பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். அவர் அரிசியில் கல் பொறுக்க, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மிக்சியை முழு வேகத்தில் வைத்தேன். அவர் பொறுக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்தினேன், ஓட்டினேன், நிறுத்தினேன். தலை அசையவில்லை. மூன்றாவது முறை தற்செயலாகத் திரும்பிப் பார்த்தவர், மிக்சி ஓடுவதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பின்னால நடக்கறது ஒண்ணுமே தெரியமாட்டீங்குதே கண்ணு" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில், அன்றைய வரிக்கு எதிரே, வேலை செய்கிறது என்று எழுதினேன்.

திங்கட்கிழமை போனில் கேட்டேன். தறி முதலாளி பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, ஏரோப்ளேன் ஓட்டப் போறயா?" என்றாராம். பக்கத்துத் தறிக்காரர் ஃபோமைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது எங்கேயோ பார்த்த சாமானாட்ட இருக்குது என்றாராம். அம்மா அவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எம்புள்ளையே செஞ்சதுன்னு சொன்னேன். எல்லாம் படிப்புன்னு சொன்னேன்."

"காதுக்குப் பரவால்லீங்களாம்மா?"

"நல்லாருக்குது கண்ணு. ரொம்ப நல்லாருக்குது."

அப்படியே இரண்டு வருடம் போனது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் போனதும் காது மூடியை எடுத்து வந்து பார்ப்பேன். எலாஸ்டிக் தொய்ந்திருக்கிறதா, பசை விரிசல் விட்டிருக்கிறதா. சில மாதத்துக்கு ஒருமுறை இடது மெத்தை வியர்வையிலும் எண்ணெயிலும் மஞ்சளாகி, அமுங்கி, விளிம்பு பிய்ந்துபோய் இருக்கும். புதிதாக வெட்டித் தைப்பேன். வலது மெத்தை தைத்த அன்று இருந்ததுபோலவே இருக்கும். என் நோட்டில் அந்த வரிகள் இன்னும் இருக்கின்றன. இடது: மாற்றியது. வலது: நன்றாக உள்ளது. அடுத்த முறையும் அதே. ஐந்து முறை அதே.

இதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்து, காரணமும் கண்டுபிடித்தேன். தலைப்பட்டை ஒரு பக்கம் இழுக்கிறது, அதனால் இடது பக்கத்தில் அழுத்தம் கூடுதல் என்று எழுதினேன். வலது பக்கம் எலாஸ்டிக்கை இறுக்கினேன். அடுத்த முறை இன்னும் இறுக்கினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் லூசா இருக்குதுங்களா?" என்று கேட்டால், "இல்ல கண்ணு, சரியாத்தான் இருக்குது" என்பார். ஒரு போர்டில் ஒரே பாகம் ஐந்து முறை கருகினால் நான் பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து வர மாட்டேன். அந்த மிஷின் ஓடும் இடத்துக்கே போய், அருகில் நின்று பார்ப்பேன். இதற்குப் போகவில்லை.

போகாததற்குக் காரணமும் இருந்தது. ஏழு மணிப் பேச்சு நன்றாக நடந்துகொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்தும் காதில் தங்கியிருந்த இரைச்சல் குறைந்ததோ என்னவோ, அம்மா இப்போது கேட்டதற்குப் பதில் சொன்னார். வரிசை மாற்றிக் கேட்டாலும் சொன்னார். கம்பெனியில் எனக்குச் சம்பளம் கூட்டியதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். அறைத்தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னபோது, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று திரும்பக் கேட்டார். நான் செய்த பொருள் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

மாதம் ஒருநாள் நெருப்பெரிச்சலில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு எங்கள் கம்பெனி ஜெனரேட்டரும் ரிப்பேர். காலையிலேயே லீவு விட்டுவிட்டார்கள். ஒரு புதன்கிழமை. பல்லடம் பஸ் ஏறி, வீட்டுச் சாவி அம்மாவிடம் இருப்பதால் நேராகக் குடோனுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. சின்ன வயதில் அதற்குள் புத்தகம் படித்தவள், இப்போது காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா சந்தின் நடுவில், முதுகைக் காட்டி நின்று, அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்தார். தலையில் நான் செய்த காது மூடி. இடது காதின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. வலது மூடி காதில் இல்லை. பின்னுக்குத் தள்ளி, கொண்டையின்மேல் ஏற்றி வைத்திருந்தார். வலது காது திறந்து கிடந்தது. தோடு தெரிந்தது.

அப்போதுதான் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். நின்று பார்த்தேன். பின்பக்கத் தறி ஒன்றில் குறுக்கே ஓடும் ஊடை இழை அறுந்து, கைப்பிடி விழுந்து, தறி நின்றது. அத்தனை சத்தத்தில் ஒரு தறியின் அடி குறைவது எனக்குத் தெரியவே இல்லை. கைப்பிடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வலது காதை மட்டும் இலேசாகப் பின்பக்கம் சாய்த்தார். இழையை முடிந்து முடித்தார். பிறகு நேராக அந்தத் தறிக்குப் போய், ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றி, ஓட்டிவிட்டார்.

பின்னால் நடப்பது ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தரையில் கிடந்த கழிவு நூலை உருட்டி அவர் முதுகில் எறிந்தேன். திரும்பினார். என்னைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் அவர் கை தானாகக் கொண்டைக்குப் போய், வலது மூடியை இழுத்துக் காதின்மேல் வைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கும்போது மிச்சம் வைத்ததை மறைக்கும் பிள்ளையின் கை மாதிரி.

நான் உதட்டை அசைத்தேன். ஏன்?

அம்மா வலது மூடியை மறுபடி தூக்கினார். அந்தக் காதைத் தொட்டு, தறிகளை நோக்கிக் கையைச் சுற்றிக் காட்டினார். அடுத்து இடது மூடியை விரலால் தட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, போன் மாதிரி அந்தக் காதோரம் வைத்தார். அதே கையால் என்னைக் காட்டினார்.

இது தறிக்கு. இது உனக்கு.

டீ இடைவேளையில், குடோனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அம்மா எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாளே இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் ஒரு தறி நின்றது தெரியவில்லை. தெரிந்து ஓட்டுவதற்குள் இன்னொன்று. பக்கத்துத் தறிக்காரர் நூல் உருண்டை எறிந்து எறிந்து கை சலித்துப்போனார். மத்தியானம் முதலாளி வந்து பார்த்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னாராம்: "முடியலீன்னா முன்னால ரெண்ட மட்டும் பாத்துக்க அம்மிணி. பின்னால ரெண்டுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

"பின்னால ரெண்டும் அப்பா ஓட்டுனதல்ல" என்றார் அம்மா. "அதான் ஒண்ண மட்டும் தூக்கி உட்டுட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களாம்மா? ரெண்டு வருசம்."

"சொன்னா நீ திருப்பி வாங்கிட்டுப் போயிருவ. ஞாயித்துக்கெழம முச்சூடும் உக்காந்து செஞ்ச பொருளு."

"நான் கேக்கறப்பல்லாம் நல்லாருக்குதுன்னீங்க."

"பொய் சொல்லுலீஞ்சாமி. எடது பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு."

எந்தக் காது எதற்கு என்று எப்படி முடிவு செய்தார் என்று கேட்டேன். அது ஒரு பெரிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை. ஏழு மணிக்கு நான் கூப்பிடும்போது தன் வலது கையில் கரண்டி இருக்கும், போனை இடது கையில்தானே பிடிக்க முடியும் என்றார். பிறகு டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுபடி அதே மருத்துவரிடம், அதே கண்ணாடிக் கதவு அறை, அதே பெண். இம்முறை காகிதத்தில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இல்லை. நீலக்கோடு பழைய இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. சிவப்புக்கோடு காகிதத்தின் அடிக்குப் போயிருந்தது. அந்தப் பெண் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஒரு காதுதான் சத்தத்துல இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை.

"எடது காத ரொம்ப நல்லாக் காப்பாத்தியிருக்கீங்க. என்ன போட்டாங்க?"

ஊறுகாய் டப்பா என்று சொன்னால் சிரிப்பார். நல்லவர், சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் காது மூடி என்று மட்டும் சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பழக்கப்படி அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, வலது பக்கம் நான் உட்கார்ந்தேன். பின்பக்கத் தறிகளுக்கு ஒரு வழி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். மின்னணு வேலை தெரிந்தவளுக்கு அது அரை நாள் வேலை. நான் பேசப் பேச அம்மா வெளியே ஓடும் காற்றாலை இறக்கை ஏற்றிய லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசுவதே அவருக்குத் தெரியவில்லை. தற்செயலாகத் திரும்பி, என் வாய் அசைவதைக் கண்டார். எழுந்து, என்னை ஜன்னல் பக்கம் நகரச் சொல்லி, இடம் மாறி உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு கண்ணு" என்றார்.

அந்த வழி இதுதான். தறி நின்றால் கைப்பிடி விழும். கைப்பிடி விழும் இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். தையல் மிஷின்களில் பழுதென்று கழற்றி வீசுவதில் நல்லதாகப் பொறுக்கினால் கிடைப்பது. அதிலிருந்து ஒயர் இழுத்து, முன்பக்கச் சுவரில் அம்மா கண்ணுக்கு நேராக நான்கு சிவப்பு விளக்கு. எந்தத் தறி நின்றதோ அந்த விளக்கு எரியும். பேட்டரி போதும். முதலாளி, "என் கரண்டுல கை வெக்காம என்ன வேணாப் பண்ணிக்க அம்மிணி" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மட்டும் ஓடாத தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மாட்டி முடித்தோம். கைப்பிடியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கும் எரிந்தது. அரை நாள்கூட ஆகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு வேலைநாளில் நான் அந்தச் சந்தில் நின்றிருந்தால், இதை அப்போதே செய்திருப்பேன். இதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய வரியாகத்தான் இருந்தது.

விளக்கு வந்த பிறகு அம்மா இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு வேலை செய்கிறார். முதல் சில வாரம் கை அடிக்கடி கொண்டைக்குப் போனதாம். பக்கத்துத் தறிக்காரர், "ஏரோப்ளேன் சிக்னல் எல்லாம் வந்துருச்சு, இனி பறக்க வேண்டியதுதான்" என்று உதட்டால் சொல்லிச் சிரித்தாராம். அம்மா ஏழு மணிக்கு அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். போன் இடது காதில் இருக்கும். அது எனக்குத் தெரியும். இப்போது நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தக் காதுக்கென்று அளந்து பேசுகிறேன்.

போன ஞாயிறு காது மூடியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மெத்தையும் அமுங்கியிருந்தன. இரண்டிலும் ஒரே மஞ்சள், ஒரே எண்ணெய்க் கறை. வலது பக்கத்தில் தோட்டுக்காக நான் குடைந்த குழி முதல்முறையாக ஓரம் பிய்ந்திருந்தது. எட்டு ஜோடியில் மிச்சம் இருந்த கப்பில் இரண்டை எடுத்து வளையமாக வெட்டினேன்.

தைத்துக்கொண்டே கேட்டேன். இடது பக்கம் உட்கார்ந்து, சத்தமாகவே கேட்டேன்.

"வலது பக்கத்துக்கு இனி வேணுங்களாம்மா?"

அம்மா அரிசியிலிருந்து தலை தூக்கவில்லை. "ஒரு பக்கம் மட்டும்னா தலையில நிக்குமா?" என்றார். கொஞ்சம் கழித்து, "குழி செய்ய மறந்துறாத. தோடு குத்தும்" என்றார்.

குழி செய்தேன். நோட்டை எடுத்து அன்றைய நாளைப் போட்டேன். இடது: மாற்றியது. வலது என்று எழுதி, முதல்முறையாக அதன் பக்கத்திலும் மாற்றியது என்று எழுதினேன்.